கோசெக் விதி

எங்கள் மாநிலச் சட்டத்தில் ஒரு மனிதர் நெடுங்காலமாகக் குடியிருந்தார். அவருக்குப் பெயர் கிடையாது, வயது கிடையாது, பெண்டாட்டி பிள்ளை கிடையாது. 'விவேகமுள்ள சாமானியர்' என்பதுதான் அவரைப் பற்றி மொத்தமாகத் தெரிந்த தகவல்.

அவர் சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. இங்கே பாதி ஜனங்கள் கோல்டன் ஃபரோ என்கிற இன்சூரன்ஸ் கம்பெனியில் இருக்கிறார்கள். எந்த டாக்டரைப் பார்க்கலாம், எந்த மாத்திரையை விழுங்கலாம், எந்த ஆஸ்பத்திரியில் படுக்கலாம் என்பதையெல்லாம் அவர்களுக்காகக் கம்பெனியே முடிவு செய்யும். இதற்கு 'நிர்வகிக்கப்படும் சிகிச்சை' என்று பெயர். அவசரம் என்றால் மட்டும் கம்பெனியைக் கேட்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடலாம் என்று சட்டம் ஒரு சந்து விட்டிருந்தது. எது அவசரம்? உடல்நலத்தையும் மருத்துவத்தையும் பற்றிச் சராசரி அறிவு கொண்ட விவேகமுள்ள சாமானியர் எதை அவசரம் என்று நினைப்பாரோ, அதுவே அவசரம்.

நல்ல எண்ணத்தோடு எழுதிய வரிதான். நெஞ்சில் குத்துவது வாயுவா மாரடைப்பா என்று வலிப்பவனுக்கு எப்படித் தெரியும்? ஆகவே வலித்தபோது அவன் என்ன நினைத்தான் என்று மட்டும் பாருங்கள், பிறகு டாக்டர் என்ன கண்டுபிடித்தார் என்று பார்க்காதீர்கள் என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதிவைத்தார். புண்ணியவான் எழுதியதை வக்கீல்கள் படித்தார்கள். அதற்கப்புறம், கம்பெனி பணம் தர மறுத்தால் முறையிடும் மறுபரிசீலனை மன்றத்தில் ஒவ்வொரு வழக்கிலும் அந்தச் சாமானியர் என்ன நினைத்திருப்பார் என்று இரண்டு தரப்பும் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவது வழக்கமாயிற்று.

ஒருநாள் மன்றத்தின் தலைவி கான்ஸ்டன்ஸ் ஹார்கிரீவ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இப்படி ஆளுக்கு ஆள் ஊகிக்கிறதுக்கு, அந்த மனுஷனையே கூட்டிட்டு வந்து உக்காரவெச்சுக் கேட்டா என்ன?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு ஒரே ஒருத்தர் சிரித்திருந்தால்கூட ஆர்லிஸ் கோசெக் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள்.

ஆளைத் தேடுவதற்குப் பரீட்சை வைத்தார்கள். மண்ணீரல் எந்தப் பக்கம் இருக்கிறது, மூக்கில் ரத்தம் வந்தால் தலையை நிமிர்த்துவதா குனிவதா என்பது போன்ற கேள்விகள். பாதிக்கு மேல் வாங்கியவர்கள் 'கற்றவர்கள்' என்று கழிக்கப்பட்டார்கள். பாதிக்குக் கீழே வாங்கியவர்கள் 'விவேகம் போதாதவர்கள்' என்று அனுப்பப்பட்டார்கள். சரிபாதி வாங்கியவர் மாநிலத்திலேயே ஒருத்தர்தான். ப்ளம் ஹாலோ என்கிற ஊரில், ஹார்டுவேர் கடையின் பெயிண்ட் கவுண்டரில் நிற்கும் டெல்மர் கோசெக்.

டெல்மரை அதுவரை யாரும் எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பந்து விளையாட ஆள் பிரிக்கும்போதுகூடக் கடைசியில் மிச்சமாக நிற்பவர் அவர். சாயந்திரம் வீட்டுக்குள் நுழையும்போதே முகம் வெளிச்சமாக இருந்தது.

"என்ன டெல், பல்லெல்லாம் தெரியுது?" என்றாள் ஆர்லிஸ். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவள். ஐந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துவிட்டு வந்து, வீட்டு அடுப்பிலும் நின்றுகொண்டிருந்தாள்.

"பாஸாயிட்டேன். சரிபாதி! எல்லாத்துலயும் சராசரின்னு இந்த மாநிலத்துல நான் ஒருத்தன்தானாம்."

"கல்யாணமான நாள்லேருந்து நான் இதத்தானே சொல்லிட்டிருக்கேன்? கவர்மென்டுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்."

சிரித்துக்கொண்டே இறைச்சித் தட்டை அடுப்பிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தவள், சட்டென்று உள்ளங்கையைத் தாடையில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. ஸ்கூல்ல பெரிய பாத்திரம் தூக்கினா இப்படித்தான் தாடைய இழுக்குது. தூக்கினா வருது, வெச்சாப் போயிடுது."

"டாக்டர்கிட்ட காட்டேன்."

"எந்த டாக்டர்கிட்ட? கோல்டன் ஃபரோவுல கேட்டேனே. பல்லுன்னா அது தனியா பல் இன்சூரன்ஸாம், எலும்புன்னா எலும்பு டாக்டருக்குச் சீட்டு வேணும். என்னன்னு தெரிஞ்சாத்தான் அனுமதியாம். என்னன்னு எனக்கே தெரிஞ்சா நான் ஏன் டாக்டர்கிட்ட போறேன்?"

டெல்மருக்கு ஒரு யோசனை வந்தது. இனிமேல் மன்றத்தில் டாக்டர்களும் வக்கீல்களும் பக்கத்திலேயே இருப்பார்கள். யாரையாவது தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டால் போயிற்று.

பதவியேற்பு தலைநகரத்தில் நடந்தது. உடல்நலத்தைப் பற்றி இனிமேல் எதையும் தெரிந்துகொள்ள மாட்டேன் என்று டெல்மர் பைபிள்மேல் கைவைத்து உறுதி சொன்னார். மன்றத்தின் எழுத்தர் டோட்டி, உதட்டுச் சாயமும் கறார் குரலுமாக இருப்பவள், அவரை உட்காரவைத்து நடைமுறைகளை விளக்கினாள்.

"உங்க அறிவு இனிமே மாநிலத்தோட சொத்து, மிஸ்டர் கோசெக். ஏறவும் கூடாது, எறங்கவும் கூடாது. டிவியில ஆஸ்பத்திரி சீரியல் பாக்கக் கூடாது. கஞ்சி டப்பாவுல இதயத்துக்கு நல்லதுன்னு எழுதியிருக்கும், அந்தப் பக்கத்தைச் சுவர்ப் பக்கமாத் திருப்பி வெச்சுடுங்க. உங்க கடையில முதலுதவிப் படம் ஒண்ணு மாட்டியிருந்துச்சாம். நேத்தே ஆள் அனுப்பி எடுத்தாச்சு."

"சரிங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. என் சம்சாரத்துக்குத் தாடையில ஒரு மாதிரி..."

டோட்டி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். "சொல்லாதீங்க! யாராவது பதில் சொல்லிட்டா என்ன ஆகிறது? மறுபடியும் மாநிலம் முழுக்கப் பரீட்சை வைக்கணுமே!"

டெல்மர் சொன்ன சொல் தவறாத மனிதர். அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. தவக்காலத்து வெள்ளிக்கிழமை, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மீன் பொரித்துப் போடும் விருந்தில், அறுபது தாண்டியவர்கள் எல்லோரும் வழக்கம்போல ஒருவருக்கொருவர் தங்கள் நோய்களைப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தருக்கு முழங்கால், இன்னொருத்தருக்குப் பித்தப்பை. நோய்ப் பேச்சு காதில் விழாமல் உட்கார டெல்மருக்கு இடமே கிடைக்கவில்லை. கடைசியில் பழைய நண்பர் எட் பிரஸ்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். எட், ஆர்லிஸ் தாடையைத் தடவுவதைப் பார்த்துவிட்டார்.

"ஆர்லிஸ், என்ன அது? என் தங்கச்சிக்கும் மொதல்ல இப்படித்தான் தாடையில..."

டெல்மர் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து ஓடினார். கோட்டுகள் மாட்டும் கொக்கிகளின் ஓரமாகச் சுவரைப் பார்த்து நின்று, முழு மீனையும் தின்று முடித்தார். எட் என்ன சொன்னார் என்பதை ஆர்லிஸிடமும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை, புருஷனுடைய பதவி போய்விடக் கூடாதே என்று.

முதல் வழக்கு ஒரு விவசாயியுடையது. தானியம் ஏற்றும் இயந்திரத்தில் கைவிரல்கள் மாட்டி, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தானே வண்டியோட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர். கோல்டன் ஃபரோவின் வக்கீல் பிரெஸ்டன் யூல் எழுந்து நின்றார். எப்போதும் இழவு வீட்டுக்கு வந்தவர்போல மெதுவாகப் பேசுவார்.

"இந்த உறுப்பினர் வண்டி ஏறுறதுக்கு முன்னாடி இயந்திரத்தை நிறுத்தியிருக்கார். கொட்டகைக் கதவைச் சாத்தியிருக்கார். நாய்க்குச் சோறு வெச்சிருக்கார். இவ்வளவு நிதானமா இருந்த ஒருத்தர், தனக்கு அவசரம்னு நெனச்சார்ங்கறத நாம நம்பணுமா?"

"விரல் போச்சுங்களே," என்றார் டெல்மர். "அவசரந்தான்."

பிரெஸ்டன் யூல் காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைத்தார். இடைவேளையில் காபி இயந்திரத்தின் பக்கத்தில் டெல்மரின் தோளைத் தொட்டார்.

"உங்க மேல எனக்குக் கோபமில்ல. ஆனா நீங்க என்ன செஞ்சீங்கன்னு உங்களுக்குத் தெரியணும். சிகிச்சைக்குன்னு நாங்க குடுக்கிற ஒவ்வொரு டாலருக்கும் சட்டப் புஸ்தகத்துல என்ன பேர் தெரியுமா? மருத்துவ நஷ்டம்."

"அந்த ஆளுக்குக் கை நல்லாயிடுச்சேங்க."

"அதான் நஷ்டம்."

"நல்லாகாம செத்துப்போயிருந்தா?"

"அது நஷ்டத்துல வராது. உறுப்பினர்களை நாங்க 'காப்பீட்டிலுள்ள உயிர்கள்'னு சொல்றோம். கணக்குல ஒரு உயிர் குறையும். அவ்வளவுதான்." காபியை ஊதிக் குடித்தார். "எங்களுக்கும் மனசிருக்கு, மிஸ்டர் கோசெக். அதனாலதான் நாங்க யாருக்கும் 'முடியாது'ன்னே சொல்றதில்ல. 'பாதகமான தீர்மானம்'னுதான் சொல்றோம்."

அடுத்து வந்தது வெர்னா லிண்ட்க்விஸ்டின் வழக்கு. கணவரை இழந்தவர், மடியில் பெரிய கைப்பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருநாள் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது தாடை இழுத்திருக்கிறது, நெற்றி வேர்த்திருக்கிறது, வயிற்றைப் புரட்டியிருக்கிறது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்ததில் வெறும் அமிலக் கோளாறு. கம்பெனி பாதகமாகத் தீர்மானித்திருந்தது.

தாடை என்றதுமே டெல்மர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நானா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன்," என்றார்.

"அப்படியா?" பிரெஸ்டன் யூல் மிகவும் அன்பாகக் கேட்டார். "உங்க வீட்டுல யாருக்காவது தாடை வலி உண்டா, மிஸ்டர் கோசெக்?"

"என் சம்சாரத்துக்கு. அப்பப்ப வரும்."

"அவங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"இல்ல..."

"டாக்டர்கிட்ட?"

"இல்லீங்க. அனுமதி கெடைக்கல. அப்புறம் கேக்கவும் கூடாதுன்னு..."

"அவங்களை நேசிக்கிறீங்களா?"

"என்ன கேள்விங்க இது?"

"அதாவது, நேசிச்சும் கூட்டிட்டுப் போகல." பிரெஸ்டன் யூல் தலைவியின் பக்கம் திரும்பினார். "இவர் வாயால சொல்றது வெறும் அபிப்பிராயம். வீட்டுல செஞ்சது நடத்தை. விவேகமுள்ள சாமானியர் தாடை வலிக்கு ஆஸ்பத்திரி போறதில்லங்கறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? அவரே வந்து உக்காந்திருக்கார்!"

கான்ஸ்டன்ஸ் ஹார்கிரீவுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷமாக நாம் ஏங்கியது இப்படியொரு தெளிவுக்குத்தான் என்றார். அன்று மத்தியானமே தீர்மானம் எழுதப்பட்டது. பத்திரிகைகள் அதற்குக் 'கோசெக் விதி' என்று பெயர் வைத்தன. தாடையில் வலி, கூடவே வேர்வை, குமட்டல் இருந்தாலும், அது அவசரம் அல்ல.

வெளியே போகும்போது வெர்னா லிண்ட்க்விஸ்ட் டெல்மரின் முன்னால் நின்றார். கோபமாகத் திட்டுவார் என்று டெல்மர் எதிர்பார்த்தார்.

"என் கதைய விடு கண்ணு," என்றார் அவர். "உன் வீட்டுக்காரியக் கூட்டிட்டுப் போ. எனக்கு அமிலமா இருந்துச்சு. எல்லாருக்கும் அப்படியே இருக்குமா?"

டோட்டி பாய்ந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள். அது மருத்துவ ஆலோசனை என்றும், நடவடிக்கைக் குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது என்றும், மிஸ்டர் கோசெக் அதைக் கேட்கவில்லை என்றும் அறிவித்தாள். டெல்மரும் கேட்காதவர்போல இருக்கத்தான் பார்த்தார். வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அந்தக் குரல் கூடவே வந்தது.

"நாளைக்கு எமர்ஜென்சிக்குப் போயிடலாம், ஆர்லிஸ்," என்றார் ராத்திரிச் சாப்பாட்டில்.

"போயி? அங்க மேஜையில உக்காந்திருக்கிற பொண்ணு என் பேரைக் கேப்பா. கோசெக்னு சொல்வேன். 'ஓ, கோசெக் விதி கோசெக்கா?'ம்பா. ஊரே சிரிக்கும்." அவள் அவர் கையைத் தட்டினாள். "வாழ்க்கையில மொத மொதலா உன் பேரைப் பேப்பர்ல போட்டிருக்கான். நானா அதைக் கெடுக்கப் போறேன்? மன்றத்து டின்னர் முடியட்டும். லீவு விட்டதும் ரெஸ்ட் எடுத்தாத் தானா சரியாயிடும்."

அவள் அந்த விருந்துக்கென்று நீல உடை ஒன்று வாங்கி வைத்திருந்தாள்.

மன்றத்தின் வருடாந்திர விருந்து தலைநகரத்து ஹோட்டலில், பனி கொட்டுகிற ஒரு சனிக்கிழமை நடந்தது. கோழி ரப்பராக இருந்தது. டெல்மரும் ஆர்லிஸும் முதல் மேஜையில், கோல்டன் ஃபரோவின் தலைமை மருத்துவர் டாக்டர் சோர்லிக்கு எதிரே உட்காரவைக்கப்பட்டார்கள். வெளுத்த முகத்தோடு, அதிகம் பேசாத மனிதர். கம்பெனிக்கு வருவதற்கு முன் இருபது வருஷம் இதயம் பார்த்தவர் என்று பக்கத்து மேஜையில் யாரோ சொன்னார்கள். டெல்மர் காதைத் திருப்பிக்கொண்டார்.

கான்ஸ்டன்ஸ் ஹார்கிரீவ் பேச எழுந்தார்.

"நண்பர்களே, சட்டத்துல எத்தனையோ சொற்கள் இருக்கு. ஆனா ஒரு சொல்லுக்கு நாமதான் ரத்தமும் சதையும் குடுத்தோம். டெல்மர் நம்மகிட்ட வந்தப்ப அவருக்கு எவ்வளவு தெரியுமோ, இன்னைக்கும் அவ்வளவுதான் தெரியும். இது தானா நடக்கல. இதுக்குப் பின்னாடி எத்தனை பேரோட உழைப்பு இருக்குன்னு வெளியில இருக்கறவங்களுக்குப் புரியாது. ஒரு மனுஷனுக்குச் சொல்லிக் குடுக்கறது சுலபம். சுத்தி இத்தனை டாக்டருங்க இருந்தும் ஒண்ணுமே சொல்லாம பாத்துக்கிட்டோமே, அதுதான் ஒழுக்கம். அவர் வந்ததுக்கப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஓடுற ஜனங்க குறைஞ்சிருக்காங்க. அவங்க எங்க போனாங்கன்னு சில பேர் கேக்கறாங்க. அது நம்ம அதிகாரத்துக்குள்ள வராது."

பலத்த கைதட்டல். டெல்மருக்குப் பித்தளைப் பட்டயம் கொடுத்தார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டு திரும்பியபோது ஆர்லிஸின் நாற்காலி காலியாக இருந்தது.

கோட்டு வைக்கும் அறையில், ஈரக் கோட்டுகளுக்கு நடுவே ஒரு மடக்கு நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். நீல உடை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. ஒரு கை தாடையில்.

"ஆர்லிஸ்!"

"ஒண்ணுமில்ல டெல். கொஞ்சம் புரட்டுது. கோழியா இருக்கும்."

டெல்மர் திரும்பிப் பார்த்தார். வாசலில் டாக்டர் சோர்லி நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் தலைவி, பிரெஸ்டன் யூல், டோட்டி, தட்டுகளோடு இரண்டு பரிமாறுகிறவர்கள்.

"டாக்டர், இது என்னன்னு சொல்லுங்க!"

டாக்டர் ஓர் அடி முன்னால் வைத்தார். வாய் திறந்தது.

"டாக்டர் சோர்லி," என்றார் கான்ஸ்டன்ஸ் ஹார்கிரீவ், தாழ்ந்த குரலில். "ஒரு வார்த்தை பேசக் கூடாது. நாம இப்ப பாத்துட்டிருக்கிறது என்னன்னு புரியுதா? இது வழக்கு இல்ல. நெஜமான நிலைமை. கலப்படமில்லாத சாமானியர், நம்ம கண் முன்னாடி யோசிக்கிறார். இந்த மாதிரி இன்னொரு தடவை கெடைக்காது."

டாக்டரின் வாய் மூடிக்கொண்டது. அவர் தன் பூட்ஸைப் பார்த்தார். பிரெஸ்டன் யூல் பேனாவைத் திறந்தார். டோட்டி பரிமாறுகிறவர்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். எல்லோரும் டெல்மரின் முகத்தையே பார்த்தார்கள். மூச்சு விடும் சத்தம்கூட இல்லை, ஆர்லிஸுடையதைத் தவிர.

டெல்மருக்கு யோசனையே வரவில்லை. தான் சொன்னதும், தான் சொன்னதாக எழுதப்பட்டதும், பேப்பரில் வந்ததும் மட்டும்தான் தலைக்குள் இருந்தது. தாடை, வேர்வை, குமட்டல். அவசரம் அல்ல. அரசாங்கம் முத்திரை குத்திய வாக்கியம். தன்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இத்தனை பேர் சும்மா நிற்கிறார்கள், அப்படியானால் ஒன்றும் இருக்காது என்று அந்த மனிதர் நம்பினார். எந்தச் சராசரி மனிதனும் அப்படித்தான் நம்புவான்.

"வீட்டுக்குப் போலாம் டெல்," என்றாள் ஆர்லிஸ். "எல்லாரும் பாக்கறாங்க."

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்றார் டெல்மர்.

முதலில் பிரெஸ்டன் யூல்தான் கைதட்டினார். பிறகு மற்றவர்களும் தட்டினார்கள். எழுதி எழுதி நிலைநாட்ட முடியாததை ஒரு கணவன் நின்ற இடத்தில் நிலைநாட்டிவிட்டார் என்று கான்ஸ்டன்ஸ் ஹார்கிரீவ் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் சோர்லி மட்டும் தட்டவில்லை. ஆர்லிஸுக்குக் கோட்டு மாட்டிவிட உதவி செய்தார். அவர் விரல்கள் அவள் மணிக்கட்டில் ஒரு நொடி கூடுதலாக நின்றன. வாசல்வரை கூடவே வந்தவர், டெல்மரின் காதருகே அவசர அவசரமாகச் சொன்னார்: "ஹைவேல ரோடு வேலை நடக்குது. ஆஸ்பத்திரித் தெரு வழியாப் போங்க. அதுதான் கிட்ட. நேரா ஆஸ்பத்திரித் தெரு."

அது மருத்துவ ஆலோசனை அல்ல, வழி சொன்னது. டாக்டருடைய தைரியம் அவ்வளவு தூரம்தான் வந்தது.

ஹைவேயில் எந்த வேலையும் நடக்கவில்லை. அது டெல்மருக்குத் தெரியும், வரும்போது அதில்தான் வந்தார்கள். அப்புறம் ஏன் அந்த ஆள் அப்படிச் சொன்னார் என்று இரண்டாவது சிக்னலில் நிற்கும்போது யோசித்தார். யோசித்ததும் புரிந்துவிட்டது. சிவப்பு விளக்கைத் தாண்டி வண்டியை விரட்டினார். "இதோ வந்துட்டோம், இதோ வந்துட்டோம்," என்று கத்தினார். ஆர்லிஸ் கண்ணாடியில் தலை சாய்த்து வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தபோதும் அப்படியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே இருந்த இளம் டாக்டர், கொஞ்சம் முன்னாடி கூட்டி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார். தாடை வலி என்பது பெண்களுக்கு மாரடைப்பின் அடையாளமாக இருப்பது சகஜம் என்றார். அது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது என்றும் சொன்னார்.

மன்றம் கூடியது. ஆர்லிஸ் கோசெக்கின் அவசரச் சிகிச்சைக்குப் பணம் தரக் கம்பெனி மறுத்த வழக்கு. டெல்மர் இந்தத் தடவை எதிர்ப்பக்கத்து நாற்காலியில், சவ அடக்கத்துக்குப் போட்ட அதே சூட்டில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்குப் பணம் எதுவும் வேண்டாங்க," என்றார். "அது அவசரம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்த விதிய எடுத்துடுங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

கான்ஸ்டன்ஸ் ஹார்கிரீவ் உண்மையாகவே வருந்தினார். அதை யாரும் மறுக்க முடியாது, கைக்குட்டை நனைந்திருந்தது.

"டெல்மர், ஆர்லிஸ் எங்க எல்லாருக்கும் வேண்டியவங்க. ஆனா சட்டம் என்ன சொல்லுது? முடிவை வெச்சு ஆரம்பத்தைத் தீர்மானிக்கக் கூடாது. அது உறுப்பினரோட பாதுகாப்புக்காக எழுதினது. அவங்க இறந்தாங்கங்கறத நாங்க பாக்கவே கூடாது. அந்த நேரத்துல விவேகமுள்ள சாமானியர் என்ன நெனச்சார்ங்கறது மட்டுந்தான் கேள்வி. நாங்க இத்தனை பேர் நேர்லயே பாத்தோமே. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அப்புறம் ஆஸ்பத்திரிக்குத் திருப்பினேன்!"

"அது," என்றார் பிரெஸ்டன் யூல், இழவு வீட்டுக் குரலில், "ஒரு டாக்டர் குறிப்புக் காட்டினதுக்கு அப்புறம். அந்தத் திருப்பத்துல நீங்க சாமானியரா இல்ல. டாக்டர் சோர்லியும் இப்ப எங்க கம்பெனியில இல்ல."

"என் விதின்னுதானே சொல்றீங்க? நான்தானே வேண்டாங்கறேன்? அது தப்பு! அந்த வலின்னா என்னன்னு இப்ப எனக்குத் தெரியும்!"

அறையில் ஒரு சலசலப்பு. டோட்டி எழுதுவதை நிறுத்தினாள். தலைவி கண்ணாடியைக் கழற்றினார்.

"அதுதான் கஷ்டம், டெல்மர். இப்ப உங்களுக்குத் தெரியும். அந்த விதிய நீங்க ஒண்ணும் தெரியாம இருந்தப்ப செஞ்சீங்க. அதனாலதான் அதுக்கு மதிப்பு. இப்ப அத மாத்தச் சொல்றவர் விஷயம் தெரிஞ்சவர். விஷயம் தெரிஞ்சவங்க பேச்சைக் கேக்க இந்த மன்றத்துக்கு அதிகாரம் இல்ல."

தீர்மானம் பாதகமாக வந்தது. சராசரியை மீறிய அறிவு என்ற காரணத்தால் டெல்மர் கோசெக் பதவியிலிருந்து விடுவிக்கப்பட்டார். பித்தளைப் பட்டயத்தை அவரே வைத்துக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்கள். அவர் அதை அந்த மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தார். புதிய சாமானியரைத் தேடி மாநிலம் முழுக்க மறுபடியும் பரீட்சை அறிவித்திருக்கிறார்கள்.

வசந்தம் வந்ததும் பெயிண்ட் கவுண்டரில் கூட்டம் வரத் தொடங்கியது. ஒரு காலை வேளை, வேறு ஊர்க்காரர் ஒருத்தர் கொட்டகைக்குச் சிவப்புப் பெயிண்ட் கேட்டு வந்தார். டெல்மர் டப்பாவைக் குலுக்கும் இயந்திரத்தில் வைத்துவிட்டுத் திரும்பினார். வந்தவர் நெற்றியைக் கைக்குட்டையால் துடைத்தார். கடைக்குள் இன்னும் குளிர் விட்டிருக்கவில்லை. பிறகு அந்த ஆள் உள்ளங்கையைத் தாடையில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"எப்பலேருந்து வலிக்குது?" என்றார் டெல்மர்.

"இதுவா? ஒரு வாரமா. ஏதாவது தூக்கினா வருது, வெச்சாப் போயிடுது."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்க."

"ஆஸ்பத்திரியா! இதுக்கா?" அவர் சிரித்தார். "கோசெக் விதி கேள்விப்பட்டதில்லையா நீங்க? தாடை வலி அவசரமில்ல. எங்க ஊருல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். அந்தக் கோசெக் நல்ல விவேகமான ஆளாம். கவர்மென்டே பரீட்சை வெச்சுப் பொறுக்கி எடுத்திருக்கு."

டெல்மர் இயந்திரத்தை நிறுத்தினார். ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, கவுண்டரைச் சுற்றி வந்து, அந்த மனிதரின் முழங்கையைப் பிடித்தார்.

"அந்த ஆள் ஒரு முட்டாள். வண்டியில ஏறுங்க."

"அட, என்னங்க நீங்க! அவரை உங்களுக்குத் தெரியுமா?"

"சராசரியாத் தெரியும்," என்றார் டெல்மர், கதவைத் திறந்துகொண்டே.